சும்மா சுட்ட பிஸ்கட்

ஓட்ஸ் பிஸ்கட் செய்யப் பெரிய வித்தை எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நூறு கிராம் வெண்ணெய், நூறு கிராம் நாட்டுச் சர்க்கரை, நூறு கிராம் ஓட்ஸ், நூறு கிராம் கோதுமை மாவு, ஒரு பெரிய கரண்டி தேன், அரை டீஸ்பூன் சமையல் சோடா. வெண்ணெயையும் தேனையும் உருக்கி மற்றவற்றோடு பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, இடைவெளி விட்டு ட்ரேயில் வைத்து லேசாகத் தட்டிவிட வேண்டும். 170 டிகிரி சூட்டில் கால் மணி நேரம். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும். வேகவில்லையோ என்று பயந்து மறுபடி உள்ளே தள்ளினால் கல்லாகிவிடும். ஆற ஆறத் தானாக மொறுமொறுப்பாகும். முட்டை வேண்டாம், அச்சு வேண்டாம். இருபத்துநாலு பிஸ்கட் கிடைக்கும். இதைச் சொல்லிக்கொடுக்கும் எல்லோரும் கடைசியில் ஒன்று சொல்வார்கள்: "ரொம்ப சிம்பிள்."

பெசன்ட் நகர் மாதிரி கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு சிக்கல் உண்டு. காற்றில் எப்போதும் ஈரம். தட்டில் போட்டு மறந்துவிட்டால் சீக்கிரமே நமத்துவிடும். ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் போட வேண்டும். ஆறுவதற்கு முன்பே போட்டால் டப்பாவுக்குள் வியர்த்துக் கெட்டுப்போகும். அதனால் பக்கத்திலேயே ஒருவர் இருந்தாக வேண்டும். இந்தப் 'பக்கத்திலேயே இருக்கும் ஒருவர்' எந்தச் செய்முறையின் பொருள் பட்டியலிலும் வருவதில்லை.

ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே செய்தேன். அளந்து, உருக்கிக் கலக்க இருபது நிமிடம். உருட்டித் தட்டக் கால் மணி. ட்ரேக்குப் பன்னிரண்டு என்று இரண்டு முறை சுட அரை மணி. ஆறவைத்து எடுத்து அடைக்கக் கால் மணி. வெண்ணெய் பிடித்த பாத்திரத்தையும் ட்ரேயையும் தேய்த்து மேடையைத் துடைக்க இருபது நிமிடம். மொத்தம் ஒரு மணி நாற்பது நிமிடம். நடுவில் குக்கர் விசிலும் கூரியர்காரரின் அழைப்பு மணியும் குழந்தையின் 'அம்மா'வும் சேர்ந்தால் இரண்டு மணி நேரம். அவ்வளவையும் செய்துவிட்டு வெளியே வரும்போது யாராவது, "என்ன விசேஷம், பிஸ்கட் எல்லாம்?" என்று கேட்டால் நம் பதில் தயாராக இருக்கும். "ஒண்ணுமில்ல, சும்மாதான் பண்ணேன்."

தமிழில் இந்தச் சொல்லுக்கு ஈடு கிடையாது. வேலை இல்லாமல் இருந்தால் சும்மா. காசு வாங்காமல் கொடுத்தால் சும்மா. காரணம் இல்லாமல் செய்தால் சும்மா. வாயை மூடிக்கொள் என்பதற்கும் சும்மா இரு. வீட்டுப் பெண்ணின் உழைப்பைப் பற்றி ஊர் நினைப்பது முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. அவள் சும்மா இருக்கிறாள், சும்மா கொடுக்கிறாள், அதற்கென்று அவளுக்கு ஒரு விருப்பமோ நோக்கமோ இருக்கத் தேவையில்லை, ஏன் என்று கேட்டால் சும்மா இருக்கச் சொல்லலாம். அருணகிரிநாதரும் தாயுமானவரும் சும்மா இருத்தலை எட்டுவதற்கு அரிய நிலையாகக் கண்டார்கள். காலை ஐந்தரைக்குப் பால் பாக்கெட்டைக் கத்தரிப்பதில் தொடங்கி இரவு பத்தரைக்கு இட்லி மாவை உள்ளே எடுத்து வைப்பதில் முடிக்கும் பெண்ணுக்கு அந்த ஞான நிலை கேட்காமலேயே வழங்கப்பட்டிருக்கிறது. "வைஃப் என்ன பண்றாங்க?" "வீட்லதான், சும்மா இருக்காங்க."

என் கேள்வி சின்னது. சும்மா சுட்ட அந்தப் பிஸ்கட்டுக்கு விலை வைக்கலாமா? வைத்தால் அதிலிருந்த அன்பு போய்விடுமா?

2020-இன் பொதுமுடக்கத்துக்குப் பிறகு இந்தக் கேள்வியை நேரில் சந்தித்த பெண்கள் நம்மைச் சுற்றி நிறையப் பேர். எனக்குத் தெரிந்த ஒருவர் பெசன்ட் நகரில் மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றில் இருக்கிறார். ஆள் வெளியே போக முடியாத நாட்களில் குழந்தைகளுக்காகச் சுடத் தொடங்கினார். பக்கத்து வீடுகளுக்கும் ஒரு டப்பா போயிற்று. "இதை நீ விக்கலாம் தெரியுமா?" என்று எல்லோரும் சொன்னார்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 2011 விதிகள்படி, ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சின்னத் தொழிலுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய் கட்டிப் பதிவு செய்தால் அப்போது போதுமாக இருந்தது. அதையும் செய்தார். பிறகு விலை போட உட்கார்ந்தார். வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ், மாவு, தேன், கரண்ட், பாக்கெட், ஸ்டிக்கர். எல்லாவற்றையும் கூட்டி அதன்மேல் பத்து ரூபாய் வைத்தார். "உன் ரெண்டு மணி நேரம் எங்கே?" என்று கேட்டேன். "வீட்ல இருந்துதானே பண்றேன்" என்றார். அந்தப் பத்து ரூபாயைக்கூடச் சொல்லக் கூச்சப்பட்டார். மாடியில் இருக்கும் ஒரு பெரியம்மா, "நமக்குள்ள என்னம்மா காசு?" என்று சிரித்துக்கொண்டே கேட்டதும் இரண்டு பாக்கெட்டைச் சும்மா கொடுத்துவிட்டார். அதே பெரியம்மா தெருமுனை பேக்கரியில் ரொட்டி வாங்கும்போது "நமக்குள்ள என்ன" என்று கேட்பதில்லை. பேக்கரிக்காரருக்கு அவர்மேல் பிரியம் இல்லை என்று வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை.

பேக்கரிக்காரர் என்றதும் ஆடம் ஸ்மித் வந்துவிடுகிறார். 1776-இல் வெளிவந்த 'நாடுகளின் செல்வம்' நூலில், கசாப்புக்காரரும் ரொட்டிக்காரரும் கருணையால் நமக்கு உணவு தருவதில்லை, தங்கள் நலனை நாடுவதால் தருகிறார்கள் என்று அவர் வாதிட்டார். அதன்மேல்தான் நவீனப் பொருளாதாரம் வீடு கட்டியது. ஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர், ஓட்ஸ் தின்று வளர்ந்த நாடு. ஓட்ஸ் சாப்பிடும் ஸ்காட்லாந்து ஏழைகளையும் கோதுமை ரொட்டி சாப்பிடும் இங்கிலாந்து ஏழைகளையும் அந்த நூலிலேயே ஒப்பிட்டுப் பார்க்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய அம்மா மார்கரெட் டக்ளஸ் 1784-இல் இறக்கும்வரை மகனோடுதான் இருந்தார். ஜேனட் டக்ளஸ் என்ற உறவுக்காரப் பெண் வீட்டு நிர்வாகத்தைக் கவனித்துக்கொண்டார். கசாப்புக்காரர் கொடுத்த இறைச்சி மேசைக்கு வருவதற்குள் யார் கை பட்டது என்று ஸ்வீடன் எழுத்தாளர் காத்ரின் மார்சால் ஒரு முழுப் புத்தகத்தில் கேட்டார். எனக்கு அதில் உறுத்துவது வேறு. ரொட்டிக்காரர் தன் நலனைப் பார்ப்பது இயல்பு, கண்ணியம், சமூகத்துக்கே நன்மை. அதே மாவை அதே சூட்டில் சுடும் அம்மா தன் நலனைப் பார்த்தால் பேராசை. உலகத்தை இரண்டாகப் பிரித்துச் சந்தைக்குக் கணக்கையும் வீட்டுக்கு அன்பையும் ஒதுக்கியபோது, எந்தப் பக்கத்தில் யார் நிற்க வேண்டும் என்று பெண்களிடம் யாரும் கேட்கவில்லை.

ஓட்ஸ் பிஸ்கட்டிலேயே உலகப் புகழ் பெற்ற ஒன்று உண்டு: அன்சாக் பிஸ்கட். முதல் உலகப் போரில் கலிப்போலியில் போரிட்ட ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையின் சுருக்கப் பெயர்தான் அன்சாக். ஓட்ஸ், மாவு, சர்க்கரை, தேங்காய்த் துருவல், வெண்ணெய், சர்க்கரைப் பாகு, சோடா. முட்டை கிடையாது, நாள்பட இருக்கும். மனைவிகளும் அம்மாக்களும் கப்பலில் வீரர்களுக்கு அனுப்பினார்கள் என்பது கதை. பெரும்பாலும் ஊருக்குள் விற்றுப் போர் நிதி திரட்டத்தான் சுட்டார்கள் என்கிறார்கள் வரலாற்றாய்வாளர்கள். எதுவானாலும் சுட்டது பெண்கள், பெயர் படைக்கு. அந்தப் பெயரை ஆஸ்திரேலிய அரசு நூறு ஆண்டுகளாகச் சட்டம் போட்டுக் காக்கிறது. மரபான செய்முறையை மாற்றி விற்கக் கூடாது, 'குக்கி' என்று அழைக்கக்கூட அனுமதி இல்லை. ஒரு பிஸ்கட்டின் பெயருக்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பில் கால்வாசி, அதைச் சுட்ட கைகளுக்கு இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். பெண்கள் கொடுப்பதை உலகம் போற்றாமல் இல்லை. கொடுத்தவளின் பெயரை எடுத்துவிட்டுப் போற்றுகிறது.

எலியட்ஸ் கடற்கரையில் நிற்கும் வெள்ளை வளைவை நாம் எல்லோரும் படம் எடுத்திருப்போம். 1930 டிசம்பரில், கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட டென்மார்க் நாட்டு மாலுமி ஷ்மிட்டின் நினைவுச் சின்னம் அது. அவருக்கு அது தகும். ஒரு நிமிடத்தில் தன்னை முழுவதுமாகக் கொடுத்தவரை அடையாளம் காண நமக்குத் தெரிகிறது. நாற்பது ஆண்டுகளாகத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பவரைப் பார்க்கும் கண்தான் இல்லை. அவர் செய்வது 'கடமை' என்ற பெயரில் எப்போதோ வரவு வைக்கப்பட்டுவிட்டது. கடமைக்கு யார் சிலை வைப்பார்கள்?

கணக்கு இல்லவே இல்லை என்றும் சொல்ல முடியாது. நம் நாட்டில் இல்லத்தரசியின் நேரத்துக்கு ரூபாயில் மதிப்புப் போடும் இடம் ஒன்று உண்டு. அது சாலை விபத்து இழப்பீட்டு வழக்கு. அவள் லாரியில் அடிபட்டுச் செத்த பிறகு, அவள் செய்த வேலைக்கு மாதம் எவ்வளவு என்று நீதிபதிகள் கணக்கிடுகிறார்கள். 2010-இல் அப்படி ஒரு வழக்கில்தான் உச்ச நீதிமன்றம், 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீட்டு வேலை செய்யும் பெண்களைப் பிச்சைக்காரர்கள், பாலியல் தொழிலாளர்கள், கைதிகளோடு சேர்த்து உற்பத்தியில் ஈடுபடாதவர்கள் என வகைப்படுத்தியிருந்ததைக் கண்டித்தது. (அந்தப் பட்டியலில் இருந்த மற்றவர்களும் உழைப்பவர்கள்தானே என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றாதது தனிக் கதை.) 2021 ஜனவரியில் அதே நீதிமன்றம் இன்னொரு விபத்து வழக்கில், இல்லத்தரசிக்கு வருமானம் கணக்கிடுவது அவர் உழைப்புக்கான அங்கீகாரம் என்றது. உயிரோடு இருக்கும் ஒருத்திக்கு அந்த நியாயம் வர 2023 ஜூன் ஆயிற்று. கணவர் சவுதியில் சம்பாதித்த பணத்தில் வாங்கிய சொத்தில், இங்கே வீட்டையும் குழந்தைகளையும் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் சமபங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவள் இங்கே இருந்ததால்தான் அவர் அங்கே இருக்க முடிந்தது. சொல்லிப் பார்த்தால் எவ்வளவு எளிய உண்மை.

மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக ஒரு நாளைக்குச் செலவிட்டது சராசரியாக 299 நிமிடம், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் அது 289-க்கு 88. ஐந்தாண்டுகளில் பெண்களுக்குப் பத்து நிமிடம் மிச்சம், ஆண்களுக்கு ஒன்பது. மிக்சியும் வாஷிங் மெஷினும் ஸ்விக்கியும் சேர்ந்து எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் உதவியிருக்கின்றன, இடைவெளி அப்படியே இருக்கிறது. ஒரு சந்தேகம்: இருபத்துநாலு பிஸ்கட்டில் பன்னிரண்டை விற்று, பன்னிரண்டை வீட்டில் வைத்துக்கொண்டால், அந்த இரண்டு மணி நேரத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது? கையும் மாவும் ஓவனும் ஒன்றுதான். பாதி வேலை, பாதி சும்மா.

அதனால்தான் 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய மாதம் ஆயிரம் ரூபாய்த் திட்டத்தில் எனக்குத் தொகையைவிடப் பெயர் முக்கியமாகத் தெரிந்தது. 'உதவித் தொகை' என்று வைத்திருக்கலாம். நம் ஊரில் அதுதான் வழக்கம். 'உரிமைத் தொகை' என்று வைத்தார்கள். ஆயிரம் ரூபாயில் 289 நிமிடத்தை அளக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு ஒரு பெண் "என் உரிமைத் தொகை வந்துடுச்சு" என்று சொல்லும்போது, சும்மா என்ற சொல்லில் சிறிதாக ஒரு விரிசல் விழுகிறது.

இந்த ஊரில் அந்த விரிசலை முன்பே போட்டவர்கள் இருக்கிறார்கள். எஸ். மீனாட்சி அம்மாள் இளம் வயதில் கணவரை இழந்தவர். 1951-இல் 'சமைத்துப் பார்' நூலின் முதல் தொகுதியைச் சென்னையில் வெளியிட்டார். அம்மாவும் மாமியாரும் சும்மா சொல்லிக்கொடுக்க வேண்டிய வித்தையை அளவோடு எழுதி, அச்சடித்து, விலை போட்டு விற்றார். தலைமுறை தலைமுறையாகக் கல்யாணப் பெண்ணின் பெட்டிக்குள் அந்த நூல் போயிற்று. அதனால் சாம்பாரின் மணம் குறைந்ததாக யாரும் புகார் சொல்லவில்லை.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. காய்ச்சலில் வாய் கசந்து கிடக்கும் பிள்ளைக்கு இரண்டு பிஸ்கட் சுட்டுக் கொடுக்கும் அம்மாவிடம் போய் "மணிக்கு எவ்வளவு?" என்று கேட்பது அசிங்கமாக இருக்கிறது. விலை வைத்ததும் கெட்டுப்போகும் விஷயங்கள் உலகத்தில் உண்டு. நட்பு அப்படி, துக்க வீட்டில் போய் உட்கார்ந்திருப்பது அப்படி. எல்லாவற்றையும் சந்தையாக்குவதுதான் விடுதலை என்றால் எனக்கும் அந்த விடுதலை வேண்டாம். 1972-இல் இத்தாலியில் மரியரோசா டல்லா கோஸ்டா, செல்மா ஜேம்ஸ், சில்வியா ஃபெடரிச்சி முதலியோர் வீட்டு வேலைக்கு ஊதியம் கேட்டு இயக்கம் தொடங்கியபோதே பெண்ணியவாதிகள் பலர் இந்தத் தயக்கத்தைச் சொன்னார்கள். ஃபெடரிச்சி தந்த பதிலின் சாரம் இதுதான்: ஊதியம் கேட்பது அந்த வேலையைக் காலம் முழுக்கச் செய்வதற்காக இல்லை, மறுக்க முடியும் என்ற நிலைக்கு வருவதற்காக.

மறுப்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஒன்றைக் கொடை என்று சொல்ல வேண்டுமானால் அது முதலில் கொடுப்பவருடையதாக இருக்க வேண்டும். என்னுடையது அல்லாததை நான் எப்படிக் கொடுக்க முடியும்? என் நேரம் என்னுடையது என்பதற்கு ஒரே அடையாளம், "இன்னைக்கு முடியாது" என்று நான் சொல்ல முடிவதுதான். சொன்ன பிறகு வீட்டில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். "சரி, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றால், நேற்றுச் சுட்டது கொடை. முகம் தூக்கினால், கதவு அடித்துச் சாத்தப்பட்டால், ஊரில் இருக்கும் மாமியாருக்கு ஃபோன் போனால், நேற்றுச் சுட்டதும் கொடை இல்லை, வரி. அன்போடு கட்டிய வரியாக இருக்கலாம். நானேகூட வரி என்று தெரியாமல் மகிழ்ச்சியாகக் கட்டியிருக்கலாம். வரி வரிதான். கணக்குப் பார்ப்பது அன்புக்கு எதிரி என்று நமக்குச் சொல்லி வளர்த்தார்கள். என் பார்வையில் கணக்கு தெரிந்தவளால்தான் தள்ளுபடி செய்ய முடியும். பாக்கெட் இருநூறு ரூபாய் என்று சொல்லத் தெரிந்தவள் "பெரியம்மாவுக்கு இலவசம்" என்று சொன்னால் அதில் பெரியம்மாவுக்கும் மரியாதை, அவளுக்கும் மரியாதை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு யாரும் கணக்கு எழுத வேண்டாம். எழுத முடியும் என்று வீட்டுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

இதோடு நிறுத்தியிருந்தால் நமக்கெல்லாம் வசதியான கட்டுரையாக இருந்திருக்கும். ஆனால் ட்ரே இன்னும் தேய்க்கப்படாமல் கிடக்கிறது.

நேரத்தைக் கணக்கிட்டபோது கடைசி இருபது நிமிடம் பாத்திரத்துக்குப் போயிற்று. பெசன்ட் நகர் வீடுகள் பலவற்றில் அந்த இருபது நிமிடம் வீட்டுக்காரருடையது இல்லை. ஊரூர் ஆல்காட் குப்பத்திலிருந்தோ ஓடைமாநகரிலிருந்தோ நடந்து வருபவர்களுடையது. நகரத்துக்குள் இருந்த குடிசைகள் அகற்றப்பட்டுக் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட பிறகும், பழைய வேலையை விட முடியாமல் விடிகாலையில் பேருந்து ஏறி வருபவர்களுடையது. 2021-இல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது அந்தச் சம்பளத்தில் மிஞ்சியது எவ்வளவு என்று அவர்களைக் கேட்டால் பைசா சுத்தமாகச் சொல்வார்கள். கணக்குப் பார்ப்பது அசிங்கம் என்ற பாடம் அவர்களுக்கு யாரும் எடுத்ததில்லை. வீட்டு வேலைக்கு ஊதியம் என்ற கோரிக்கையை ஏஞ்சலா டேவிஸ் 1981-இல் விமர்சித்ததும் இந்த இடத்தில் நின்றுதான். அமெரிக்கக் கறுப்பினப் பெண்கள் பல பத்தாண்டுகளாகக் கூலிக்கு வீட்டு வேலை செய்கிறார்கள், கூலி அவர்களை விடுவிக்கவில்லை என்றார்.

நான் சொன்ன தோழியின் வீட்டுக்கு வருபவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். தோழியைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அவர் தோழியை 'அக்கா' என்கிறார், தோழி அவரை 'நீ' என்கிறார். அது இருக்கட்டும். ஓவன் வந்த பிறகு, பேசிய வேலைக்கு மேல் ட்ரேயும் பெரிய கிண்ணமும் தேய்க்க வந்தன. "சும்மா இதையும் ஒரு தேய் தேச்சிடேன்." நாம் நமக்கு எதிராக அவ்வளவு காலம் கேட்ட அதே சொல், ஒரு படி கீழே இறங்கி, நம் வாயிலிருந்தே வருகிறது. கூடுதல் சம்பளம் என்ற பேச்சு எழவில்லை. அதற்குப் பதிலாக ஓரம் கருகியவையும் உடைந்தவையும் நமத்தவையும் ஒரு கவரில் போட்டுத் தரப்பட்டன. "பேரனுக்குக் கொடு." இது கெட்ட மனதோடு நடக்கவில்லை. அதுதான் இதில் சங்கடமான விஷயம். தோழி உண்மையாகவே அன்பாகத்தான் கொடுத்தார், தன் வீட்டுக்காரர் தனக்குப் பட்டுப்புடவை வாங்கித் தருகிற அதே அன்போடு. கூலியாக வர வேண்டியது பரிசாக வரும்போது, வாங்குபவர் நன்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. கூலிக்கு நன்றி சொல்லத் தேவையில்லை.

2018-இல் தமிழக அரசு வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியாக மணிக்கு 37 ரூபாய் நிர்ணயித்தது. மிகக் குறைவு என்று தொழிலாளர்கள் தரப்பில் அப்போதே எதிர்ப்பு எழுந்தது. அந்தக் குறைவான கணக்கிலேயே இருபது நிமிடத்துக்குப் பன்னிரண்டு ரூபாய் சொச்சம். இருபத்துநாலு பிஸ்கட்டுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு ஐம்பது பைசா. ஐம்பது பைசாவை விலையில் சேர்க்கத் தோன்றவில்லை என்பது காசு சம்பந்தப்பட்ட விஷயமாக எனக்குப் படவில்லை. ஓட்ஸ், வெண்ணெய், ஸ்டிக்கர் வரைக்கும் கண்ணில் பட்டவளுக்கு அந்தக் கை மட்டும் படவில்லை. அவள் கையை அவள் வீடு எப்படிப் பார்க்காமல் இருந்ததோ, அதே மாதிரி.

இந்தப் பகுதிக்குத் தன் பெயரைக் கொடுத்த அன்னி பெசன்ட்டை நமக்குப் பிரம்மஞான சபை, ஹோம் ரூல், அடையாறு ஆலமரம் என்றுதான் தெரியும். இந்தியாவுக்கு வருவதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 1888 ஜூனில், லண்டனில் பெண் தொழிலாளர் பற்றிக் கிளமென்டினா பிளாக் பேசிய ஒரு கூட்டத்துக்குப் போனார். பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலையின் கூலி பற்றி அங்கே பேச்சு வந்தது. பெசன்ட் அந்தத் தொழிற்சாலைப் பெண்களைத் தேடிப்போய்க் கேட்டு எழுதினார். வாரத்துக்கு நான்கு ஷில்லிங் வாங்கும் பதினாறு வயதுப் பெண், காலில் அழுக்கு இருந்தால் அபராதம், பேசினால் அபராதம் என்று கணக்குக் கணக்காக. கட்டுரை வந்த சில நாட்களில் சுமார் 1,400 பெண்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். அவர் எழுதியதில் எனக்கு மறக்காத ஒன்று உண்டு. பிரதமர் கிளாட்ஸ்டனுக்குச் சிலை வைக்க ஆசைப்பட்ட முதலாளி, ஒவ்வொரு பெண்ணின் கூலியிலும் ஒரு ஷில்லிங்கைப் பிடித்துக்கொண்டு, அதைத் தொழிலாளர்களின் நன்கொடை ஆக்கிவிட்டார். திறப்பு விழாவன்று ஆலையை மூடி அரை நாள் 'விடுமுறை'யும் அளித்தார், கூலி இல்லாமல். மறுக்க முடியாதவர்களிடமிருந்து வாங்கிய நன்கொடை. பெசன்ட் செய்தது பெரிய தத்துவம் எதுவும் இல்லை, ஒரு ஷில்லிங்கை ஒரு ஷில்லிங் என்று எழுதினார்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள் தோழி வழக்கம்போல் கவரை நீட்டியபோது அந்த அம்மா வாங்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே, "வேணாங்க்கா, பேரனுக்கு இது புடிக்கல. அந்தப் பெரிய தட்டு மட்டும் தேய்க்க முடியல, முட்டி வலிக்குது. அதுக்குத் தனியா போட்டுக் குடுத்தா செய்யுறேன்" என்றார். தோழிக்கு முதலில் முகம் வாடிவிட்டது என்று அவரே சொன்னார். அன்றைக்கு ட்ரேயை அவரே தேய்த்தார். இருபது நிமிடம் ஆகவில்லை, வெண்ணெய் காய்ந்திருந்ததால் அரை மணி ஆனது. இரண்டு நாள் யோசித்துவிட்டு விலைப் பட்டியலைத் திரும்ப எழுதினார். தன் இரண்டு மணி நேரத்தை ஒரு வரியாகவும், பாத்திரத்தை இன்னொரு வரியாகவும் சேர்த்தார். அரசு சொன்ன 37 அவருக்கே குறைவாகப் பட்டது. இருவரும் பேசி மாதத்துக்கு ஒரு தொகை முடிவு செய்தார்கள். மாடிப் பெரியம்மாவும் இன்னும் இரண்டு வீடுகளும் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். "வீட்டு பிஸ்கட்டுக்கு இவ்வளவா?" என்று லிஃப்டில் யாரோ கேட்டார்களாம். பட்டியலைக் காட்டி, எந்த வரியை எடுத்துவிடலாம் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். கேட்டவர் ஸ்டிக்கரைக் காட்டினாராம்.